மாமியார் 6 படி இறங்குனாங்க, மருமகளுக்கு நடக்க நேரம் கிடைச்சுது: மதுரையில ஒரு டீச்சர் வீட்டு நிகழ்வு ஆய்வு

நான் மதுரையில வீடு வீடா போய் பாக்கற பிசியோதெரபிஸ்ட். 2023 நவம்பர்ல இருந்து 2024 அக்டோபர் வரைக்கும் ஒரு வீட்ல நடந்தத இங்க எழுதுறேன், அவங்க சம்மதம் வாங்கிட்டேன், அடையாளம் தெரியாத மாதிரி சின்ன விவரங்கள மட்டும் மாத்திருக்கேன். உடற்பயிற்சிக்கு நேரமில்லன்னு சொல்ற நிறைய பேர பாத்திருக்கேன், ஆனா அந்த நேரம் உண்மையிலேயே எங்க போகுது, அத திருப்பி எடுக்க யார் என்ன செய்யணும்னு ஒரு வீட்ல இவ்ளோ தெளிவா பாத்தது எனக்கு இதுதான் முதல் தடவை.

பின்னணி

என்ன கூப்பிட்டது மருமகளுக்காக இல்ல. 71 வயசு மாமியாருக்கு ரெண்டு முழங்காலும் தேய்மானம், வாசல்ல 6 படி, அத இறங்கி தெருவுக்கு வந்தே ஏழெட்டு மாசம் ஆச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் சாயங்காலம் போவேன். மருமகளுக்கு வயசு 41, அரசு உதவி பெறும் பள்ளில இடைநிலை ஆசிரியை. வீட்டுக்காரர் ஒரு மொத்த வியாபார கடைல கணக்கு பாக்கறார், காலைல 9:30க்கு கிளம்புனா ராத்திரி 8:30 ஆகும். பையன் பத்தாவது, பொண்ணு நாலாவது.

மூணாவது தடவை போனப்ப அம்மாவுக்கு கால் நீட்ட சொல்லிட்டு இருந்தேன், டீச்சர் அடுப்படில இருந்தே, "சார், எனக்கும் சுகர் எல்லைல இருக்குன்னு சொல்லிட்டாங்க, நடக்கணுமாம், எப்ப நடக்கறது சொல்லுங்க"ன்னு கேட்டாங்க. கைல கரண்டி, குக்கர் மூணாவது விசிலுக்கு நிக்கிறாங்க. ரிப்போர்ட்ட வாங்கி பாத்தேன். வெறும் வயித்துல 114, ஹெச்பிஏ1சி (கடைசி 3 மாச சர்க்கரையோட சராசரிய காட்டற டெஸ்ட்) 6.2, ரத்த அழுத்தம் 134/86, எடை 68 கிலோ, உயரம் 154 செமீ. இடுப்பளவு நான் எடுத்தது 94 செமீ, நம்ம ஊர் பெண்களுக்கு 80ஐ தாண்டுனாலே கவனிக்கணும்னு கணக்கு. ஹெச்பிஏ1சி 5.7ல இருந்து 6.4 வரைக்கும் சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை, 6.5 ஆனா நோய்.

பேசிட்டே இருக்கும்போது இன்னொன்னும் தெரிஞ்சுது, ரெண்டாவது பிரசவத்தப்ப அவங்களுக்கு சுகர் வந்திருக்கு, குழந்தை பொறந்ததும் சரியாயிடுச்சுன்னு அனுப்பிட்டாங்க, அதுக்கப்புறம் 9 வருஷமா டெஸ்டே எடுக்கல. கர்ப்பகால சர்க்கரை வந்தவங்களுக்கு பின்னாடி நிரந்தரமா வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட பல மடங்கு ஜாஸ்தி, 1ல இருந்து 3 வருஷத்துக்கு ஒருதடவையாவது பாத்துட்டே இருக்கணும். இத யாரும் அவங்ககிட்ட அழுத்தி சொல்லல, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருந்துச்சு, ஏன்னா இந்த மாதிரி அம்மாக்கள் நம்ம தெருவுக்கு நாலு பேர் இருக்காங்க.

அதுக்கு முந்தின வருஷம் வீட்டுக்காரர் ஆசையா ஒரு ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டிருக்கார். டீச்சர் போனது 6 நாள்.

முதல்ல நான் செஞ்ச தப்பு

எல்லாரும் சொல்றத தான் நானும் சொன்னேன், விடிகாலைல எந்திரிச்சு 40 நிமிஷம் நடங்க டீச்சர்னு. அவங்க கேள்வியே கேக்காம செஞ்சாங்க, 11 நாள். நவம்பர் கடைசி, அடிக்கடி மழை, தெருவிளக்கு பாதி எரியாது, நாய் தொல்லை வேற. அதெல்லாம் கூட சமாளிச்சிருப்பாங்க, ஆனா படுக்கறது 11:15, முன்னாடி 5:15க்கு எந்திரிச்சவங்க இப்ப 4:30க்கு எந்திரிக்கணும், நடந்துட்டு வந்து அதே சமையல அதே வேகத்துல முடிக்கணும். 12வது நாள் வகுப்புல பிள்ளைங்க எழுதிட்டு இருக்கும்போது உக்காந்தபடியே கண்ண மூடிட்டாங்களாம். என்கிட்ட அத சொல்லும்போது அழுதுட்டாங்க.

தூக்கம் கொறஞ்சா உடம்புல இன்சுலின் வேலை செய்யற திறனே கொறையும், பசியும் கூடும். அப்ப நான் சர்க்கரைய கொறைக்கறேன்னு சொல்லி, கூட்டற ஒரு வேலைய கொடுத்திருக்கேன். அன்னைக்கே அந்த பிளான நிறுத்த சொல்லிட்டேன்.

கவனிச்சது

டிசம்பர் ரெண்டாவது வாரம் ஒரு வேலை கொடுத்தேன். ஒரு பழைய நோட்டுல நாள 15 நிமிஷ கட்டமா பிரிச்சு, டீச்சரும் வீட்டுக்காரரும் தனித்தனியா ஒரு வாரம் எழுதணும், அழகா எழுத வேணாம், கிறுக்குனா போதும்னு.

கூட்டி பாத்தோம். பள்ளிக்கூடம் இருக்கற நாள்ல டீச்சர் வீட்டு வேலைக்கு செலவு பண்றது 5 மணி 40 நிமிஷம். வீட்டுக்காரர் 35 நிமிஷம். இது அந்த ஒரு வீட்டு கதை மட்டும் இல்ல, மத்திய அரசோட 2019 நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அத செய்யற பெண்கள் ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம்னு இருக்கு. நான் இந்த ரெண்டு நம்பரையும் சொன்னப்ப வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்தார், அப்புறம், "நான் உதவி பண்ணிட்டு தானே சார் இருக்கேன்"னார். பொய் இல்ல, பண்றார். ஆனா எப்படி பண்றார்னு ஒருநாள் காலைல போனப்ப நானே பாத்தேன். டிபன் பாக்ஸ் கட்ட நிக்கிறார், டீச்சர் தோசைய திருப்பிட்டே, "அந்த டப்பா இல்லங்க, நீல மூடி, அது பாப்பாவுக்கு, கீழ் தட்டுல பாருங்க, ஸ்பூன் வைங்க"ன்னு சொல்லிட்டே இருக்காங்க. கை அவரோடது, மூளை டீச்சரோடது. அதனால அவர் செய்யற அந்த 20 நிமிஷம் டீச்சர் கணக்குல ஒரு நிமிஷம் கூட கொறையல.

இன்னொரு விஷயம் நோட்டுல பளிச்சுன்னு தெரிஞ்சுது. வீட்டுக்குள்ள வந்து செருப்ப கழட்டிட்டா அதுக்கப்புறம் ராத்திரி படுக்கற வரைக்கும் அவங்க வெளிய வரவே இல்ல, 7 நாள்ல ஒருநாள் கூட இல்ல. பள்ளி முடியறது 4:10. பொண்ணோட வேன் 4:45க்கு தெருமுனைல நிக்கும், மாமியாரால படி இறங்க முடியாது, பாப்பா தனியா அந்த ரோட்ட தாண்டி வரக்கூடாது, அதனால டீச்சர் 4:40க்குள்ள தெருமுனைக்கு வந்தே ஆகணும். பாப்பாவ கூட்டிட்டு வீட்டுக்கு வந்தாங்கன்னா பால் காய்ச்சணும், அத்தைக்கு காபி, பாப்பாவுக்கு ஹோம்வொர்க், அப்படியே ராத்திரி சமையல்.

ராத்திரி 10:15ல இருந்து 11 வரைக்கும் போன் பாக்கறாங்க, சீரியல் பாக்கறாங்கன்னும் நோட்டுல இருந்துச்சு. வீட்டுக்காரர் உடனே அத காட்டி, இந்த நேரத்துல நடக்கலாம்லன்னு கேட்டார். டீச்சர் மெதுவா, "அந்த நேரம் தாங்க யாரும் என்ன கூப்பிடாத நேரம்"னு சொன்னாங்க. அந்த 45 நிமிஷத்துல நான் கை வைக்கல. இப்பவும் அது சரியான முடிவுன்னு தான் நினைக்கறேன், ஒரு மனுஷிக்கு இருக்கற ஒரே ஓய்வ புடுங்கி அதுக்கு ஆரோக்கியம்னு பேர் வைக்க முடியாது.

எடுத்த முடிவுகள், ஏன் எடுத்தோம்

நோட்ட வச்சு பாத்தா கிடைக்கக்கூடிய ஒரே இடம் 4:10க்கும் 5க்கும் நடுவுல, பள்ளிக்கூட மைதானத்துலயே, அதாவது வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. அதுக்கு தடை அந்த வேன். வேனுக்கு தடை மாமியாரோட முழங்கால். அப்ப மருமகளோட சர்க்கரைக்கு நான் செய்ய வேண்டிய முதல் வேலை மாமியார படி இறங்க வைக்கறது. இது புரிஞ்ச அன்னைக்கு எனக்கே ஒரு தெளிவு வந்துச்சு.

அம்மாவோட பயிற்சிய மாத்துனேன். அதுவரைக்கும் வலி கொறையறத மட்டும் பாத்துட்டு இருந்தோம், இப்ப தொடை தசைக்கு பலம், நாற்காலில இருந்து கைய ஊணாம எந்திரிச்சு உக்கார்றது, அப்புறம் படி. ஏறும்போது நல்ல கால் முன்னாடி, இறங்கும்போது வலிக்கற கால் முன்னாடி. வீட்டுக்காரர் ஒரு வெல்டர கூட்டிட்டு வந்து வாசல்ல பைப் கைப்பிடி வச்சு கொடுத்தார். முதல்ல அம்மா, "எனக்கு எதுக்கு தம்பி இந்த வயசுல படி எல்லாம்"னாங்க. பாப்பாவ கூப்பிட நீங்க போனா தான் டீச்சர் நடக்க முடியும்னு விஷயத்த அப்படியே சொன்னேன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "என் பேத்திய நான் கூப்பிட்டு வரமாட்டேனா"ன்னு எந்திரிச்சாங்க. 4 வாரத்துல 6 படியும் இறங்கிட்டாங்க, பொங்கலுக்கு தெருமுனை வரைக்கும் குச்சியோட போய் வந்தாங்க. முதல் ரெண்டு வாரம் பையன் ட்யூஷனுக்கு போறதுக்கு முன்னாடி பாட்டி கூடவே போய் நின்னான்.

வீட்டுக்காரர் விஷயத்துல உதவிங்கற வார்த்தைய எடுத்துட்டோம். காலைல தண்ணி புடிக்கறதும், மூணு டிபன் பாக்ஸும் தண்ணி பாட்டிலும் முழுசா அவர் பொறுப்பு, எந்த டப்பா, என்ன வைக்கணும், எது தீர்ந்துபோச்சு எல்லாமே அவர் யோசிக்கணும், டீச்சர் வாயே திறக்கக்கூடாது. முதல் வாரம் பாப்பா பைல ரசம் கொட்டுச்சு, ஒருநாள் பையனுக்கு வெறும் சோறு போச்சு. டீச்சருக்கு வாய் துறுதுறுங்குதுன்னு போன்ல சொன்னாங்க, பொறுத்துக்கோங்கன்னேன். மூணாவது வாரத்துல இருந்து சரியாயிடுச்சு. இப்படி காலைல 40 நிமிஷம் கிடைச்சதால டீச்சர் மதிய குழம்பு வைக்கும்போதே ராத்திரிக்கு வேண்டியதையும் வெட்டி வச்சிட்டாங்க, அதனால சாயங்காலம் லேட்டா வந்தாலும் பதட்டமில்ல.

டாக்டர் கிட்ட அனுப்பி இசிஜி எடுத்து, நெஞ்சுவலி மூச்சு வாங்கல் எதுவும் இல்லன்னு உறுதி பண்ணிட்டு தான் ஆரம்பிச்சோம், மாத்திரை இப்போதைக்கு வேணாம்னு அவர் சொல்லிருந்தார். பிளான் இதுதான்: திங்கள், புதன், வெள்ளி மைதானத்துல 35 நிமிஷ வேக நடை, பேச முடியணும் ஆனா பாட்டு பாட முடியக்கூடாது, அந்த வேகம். வாரத்துல 6 நாள் ராத்திரி சாப்பிட்டதும் மொட்டைமாடில 10 நிமிஷம். ரெண்டும் சேர்த்தா 165 நிமிஷம், உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு சொல்றது வாரத்துக்கு 150ல இருந்து 300. ஒரே மூச்சுல 10 நிமிஷமாவது செஞ்சா தான் கணக்குன்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சு, 2020ல அத எடுத்துட்டாங்க, அதனால துண்டு துண்டா செய்யறதுக்கு தயங்கவே வேணாம். சாப்பிட்டதும் நடக்க சொன்னதுக்கு காரணம், அப்ப தான் ரத்தத்துல சர்க்கரை ஏறும், நடக்கற தசை அத இழுத்துக்கும். கூட செவ்வாய், சனி 15 நிமிஷம் தசை பயிற்சி, மாமியாரும் மருமகளும் எதிர் எதிர் நாற்காலில, அம்மாவுக்கு 10 தடவை எந்திரிச்சு உக்கார்றது, டீச்சருக்கு அதே மாதிரி 3 சுத்து.

நடை இதுக்கு உதவுமான்னு டீச்சர் நேரா கேட்டாங்க. நம்ம ஊர் ஆதாரத்தையே சொன்னேன். சென்னைல டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேர வச்சு செஞ்ச இந்திய சர்க்கரை நோய் தடுப்பு ஆய்வு 2006ல வெளிவந்துச்சு, எல்லாருமே டீச்சர் மாதிரி நோய்க்கு முந்தின நிலைல இருந்தவங்க, சாப்பாட்டயும் நடையயும் மாத்துனவங்களுக்கு நோய் வர்ற வாய்ப்பு 28.5 சதவீதம் கொறஞ்சுது, மெட்பார்மின் மாத்திரை எடுத்தவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு தான். அத கேட்டதுக்கப்புறம் அவங்க என்கிட்ட பயனிருக்குமான்னு கேக்கவே இல்ல.

அதுக்கப்புறம் நடந்தது

2024 ஜனவரி 22 திங்கக்கிழமை ஆரம்பிச்சாங்க. தலைமை ஆசிரியை கிட்ட அனுமதி கேட்டு, ஷூவ ஸ்டாஃப் ரூம் அலமாரிலயே வச்சிட்டாங்க. சேலைக்கு கீழ ஷூ போட்டு மைதானத்த சுத்தறதுக்கு முதல் நாள் ரொம்ப கூச்சம். ரெண்டாவது வாரம் இன்னொரு டீச்சர் சேர்ந்துட்டாங்க, கூச்சம் போயிடுச்சு.

பிப்ரவரி மூணாவது வாரம் குதிகால் வலி. காலைல எந்திரிச்சு முதல் அடி வைக்கும்போது ஊசி குத்தற மாதிரி, நாலு அடி நடந்தா கொறையுது, அது பாதத்தோட அடிப்பக்க நார்ல வர்ற வலி. விசாரிச்சா, ரெண்டு மூணு நாள் ஷூ போடாம பழைய செருப்போடவே அந்த கெட்டி தரைல நடந்திருக்காங்க, டக்குனு கிளம்பிடலாம்னு. 2 வாரம் நடைய 15 நிமிஷமா கொறைச்சு, கெண்டைக்கால் நீட்டற பயிற்சியும், ஐஸ் ஆக்குன தண்ணி பாட்டில பாதத்துக்கு கீழ உருட்டறதும் கொடுத்தேன். போயிடுச்சு. மார்ச் 25 வரைக்கும் 9 வாரம், 27 நாள் நடந்திருக்கணும், 21 நாள் நடந்திருந்தாங்க.

அப்புறம் எல்லாம் ஒண்ணா வந்துச்சு. மார்ச் 26ல பையனுக்கு பத்தாவது பொதுத்தேர்வு ஆரம்பம், ஏப்ரல் 8 வரைக்கும், காலைல 4:30க்கு அவன் கூட டீச்சரும் முழிச்சு உக்காந்தாங்க. மார்ச் 31 கணக்கு முடிப்பு, வீட்டுக்காரர் ராத்திரி 11 மணிக்கு தான் வந்தார், காலைல எந்திரிக்க முடியல, டிபன் பாக்ஸ் திரும்ப டீச்சர் கைக்கு போயிடுச்சு, யாரும் பேசி முடிவு பண்ணல, தானா போயிடுச்சு. ஏப்ரல்ல தேர்தல் பயிற்சி வகுப்பு, 18ஆம் தேதி வாக்குச்சாவடிக்கு போய் அங்கேயே தங்கி 19 வாக்குப்பதிவு முடிச்சு வீடு வந்தப்ப நடு ராத்திரி தாண்டிருச்சு. ரெண்டு நாள்ல சித்திரை திருவிழா திருக்கல்யாணம், 23 அழகர் ஆத்துல இறங்கறார், வீட்ல 9 பேர் சொந்தக்காரங்க. மதுரைல இருக்கறவங்களுக்கு அந்த வாரம் எப்படி இருக்கும்னு தெரியும். அப்புறம் கத்திரி வெயில், பள்ளி லீவு, மைதானமே பூட்டி கிடந்துச்சு. 11 வாரத்துல 33 நாளுக்கு 6 நாள் தான் நடந்தாங்க.

ஆனா மொட்டைமாடி 10 நிமிஷம் மட்டும் பாதி நாளுக்கு மேல நடந்துட்டே இருந்துச்சு, சொந்தக்காரங்க வந்தப்ப கூட அவங்க அத்தை பொண்ணு கூட பேசிட்டே நடந்தாங்களாம். எனக்கு தெரிஞ்ச காரணம் ஒண்ணு தான், அதுக்கு வேற யாரோட ஒத்துழைப்பும் வேண்டியதில்ல, செருப்பும் வேண்டியதில்ல.

ஜூன் 10 பள்ளி திறந்த அன்னைக்கு சாயங்காலம் நாலு பேரயும் உக்கார வச்சு பேசுனோம். வீட்டுக்காரரே வாய திறந்து, "கடை டென்ஷன்ல விட்டுட்டேன், காலை வேலைய நாளைல இருந்து எடுத்துக்கறேன்"னார். இந்த தடவை யார் பொறுப்பு என்ன, அவங்களால முடியாத நாள்ல அத யாருக்கு கொடுக்கணும்னு பேப்பர்ல எழுதி அடுப்படி கதவுல ஒட்டுனாங்க. பையன் 11ஆம் வகுப்புக்கு போயிட்டான், அவன் பேர் முதல்தடவையா அந்த பேப்பர்ல வந்துச்சு, தண்ணி புடிக்கறது அவனோடது. செப்டம்பர் கடைசி வரைக்கும் 16 வாரம், 48க்கு 39 நாள் நடந்தாங்க.

விளைவு

2024 அக்டோபர் முதல் வாரம் எடுத்த டெஸ்ட்: வெறும் வயித்துல 104, ஹெச்பிஏ1சி 5.8, ரத்த அழுத்தம் 126/80, எடை 64.5, இடுப்பு 89 செமீ. 5.8ங்கறது இன்னும் சாதாரண அளவுக்கு வரல, அத டீச்சர்கிட்டயும் தெளிவா சொல்லிட்டேன். ஹெச்பிஏ1சி கடைசி 3 மாசத்தோட சராசரி தான், அதனால ஏப்ரல் மே எவ்ளோ மோசமா இருந்துச்சுன்னு இதுல தெரியாது. இதெல்லாம் நடையால மட்டும்னும் சொல்ல மாட்டேன், சாயங்கால வேலை முன்னாடியே முடிஞ்சதால ராத்திரி சாப்பாடு 9:30ல இருந்து 8 மணிக்கு வந்துச்சு, தூக்கமும் கூடுச்சு, எது எவ்ளோ உதவுச்சுன்னு என்னால பிரிக்க முடியல.

ஜூலைல அதே நோட்டுல இன்னொரு வாரம் எழுத சொன்னேன். டீச்சர் 4 மணி 25 நிமிஷம், வீட்டுக்காரர் 1 மணி 20 நிமிஷம். மாமியார் இப்ப வெள்ளிக்கிழமை கோயிலுக்கு தானா போறாங்க, அதுக்கு யாரும் திட்டமே போடல.

இன்னொரு தடவைன்னா என்ன மாத்துவேன்

முதல் நாளே வீட்டுக்காரரயும் உக்கார வச்சு பேசிருப்பேன். நான் டீச்சர்கிட்ட மட்டும் பேசுனதால முதல் 11 நாள் அவங்க தூக்கத்துல இருந்து நேரத்த எடுத்துட்டாங்க, ஏன்னா அவங்க யாரையும் கேக்காம எடுக்க முடிஞ்சது அது ஒண்ணு தான். மனசிருந்தா மார்க்கமுண்டுன்னு வேலைக்கு போற பொம்பளைங்க கிட்ட சொல்றத நான் நிறுத்திட்டேன். இப்ப புதுசா ஒரு வீட்டுக்கு போனா, நீங்க நடக்க போற நேரத்துல இந்த வேலைய யார் செய்வாங்கன்னு தான் முதல்ல கேக்கறேன், அதுக்கு ஒரு பேர் வரலன்னா நேரத்த குறிக்கறதே இல்ல.

பொதுத்தேர்வு, மார்ச் கணக்கு, திருவிழா எல்லாம் காலண்டர்லயே இருந்துச்சு, டிசம்பர்லயே பாத்திருக்கலாம். அந்த 11 வாரத்துக்குன்னு ஒரு சின்ன பிளான், மொட்டைமாடியும் நாற்காலி பயிற்சியும் மட்டும்னு முன்னாடியே சொல்லிருந்தா டீச்சர் அத தோல்வின்னு நினைச்சிருக்க மாட்டாங்க. மே மாசம் என் போன எடுக்கவே கூச்சப்பட்டாங்கன்னு பின்னாடி சொன்னாங்க. ஷூ விஷயத்தயும் நான் முதல் வாரமே கூட நின்னு பாத்திருக்கணும்.

வீட்டுக்காரருக்கும் டெஸ்ட் எடுக்க சொல்ல எனக்கு செப்டம்பர் வரைக்கும் தோணவே இல்ல. நாள் முழுக்க உக்காந்து வேலை பாக்கற 46 வயசு மனுஷன், அவரோட அப்பாவுக்கு சுகர். எடுத்தப்ப 5.9 வந்துச்சு. இப்ப ஞாயித்துக்கிழமை காலைல ரெண்டு பேரும் வண்டியூர் தெப்பக்குளத்த சுத்தி நடக்கறாங்க, பாப்பா சைக்கிள்ல கூட வரா. வார நாள்ல அவருக்கு எங்க நேரம் கிடைக்கும்னு அதே நோட்டுல அவர் இப்ப எழுதிட்டு இருக்கார். ரெண்டு பேருக்கும் அடுத்த டெஸ்ட் 2025 பொங்கல் முடிஞ்சதும்னு வச்சிருந்தோம்.